ப்ளஸ் ஒன் பையன்தான் அப்பாவுக்கு எல்லாமே. பள்ளிக்கூடம் என்ன செய்ய முடியும்?

மேற்கு_டீச்சர் · 9 நவம்பர் 2025, இரவு 9.15

குமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் ஒன் வகுப்பு ஆசிரியை நான். பையனை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யாராவது ஊகித்தாலும் பெயரோ ஊரோ இங்கே போட வேண்டாம்.

முதல் பீரியடில் தூங்குவான். ராத்திரி முழுக்க போன் நோண்டுகிறான் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. அவனிடம் போனே கிடையாது. வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. அப்பா தென்னை ஏறும் தொழிலாளி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கை இரண்டும் நன்றாக இருக்கிறது. அம்மா திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டில் தங்கி, வயசான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் வேலை செய்கிறார். மாதத்தில் இரண்டு தடவை வந்து ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போவார். தங்கை ஆறாம் வகுப்பு.

விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி மூத்திரப் பையைக் காலி செய்து, மலம் துடைத்து, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி வைத்துவிட்டு வருகிறான். மதியம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓட்டம். ராத்திரி அலாரம் வைத்து எழும்பிப் புரட்டுகிறான். தங்கையை அந்த அறைக்குள் விடுவதில்லை. அவள் சோறு வடிப்பாள், பாத்திரம் கழுவுவாள்.

அவனை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அப்பா நல்ல மனுஷன். அம்மா அங்கே நின்றால்தான் இங்கே அடுப்பு எரியும். யாரைக் குறை சொல்ல? "யாரிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்று வேறு கேட்டிருக்கிறான். இந்த வருஷம் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வை நீக்கிவிட்டதால் கொஞ்சம் மூச்சு விடலாம். அடுத்த வருஷம் ப்ளஸ் டூ, அந்தச் சாக்கும் கிடையாது.

அனுபவம் உள்ளவர்கள், மருத்துவம் தெரிந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனைவிளைக்காரன் · 9 நவம்பர், இரவு 10.02

டீச்சர், மனசுல தப்பா எடுக்காண்டாம். பெத்த அப்பனுக்கு மூத்திரப் பை மாத்துறதுக்கு ஒரு விவாதமா? நான் ஒம்பதாம் கிளாஸ்ல படிக்கும்போ எனக்க பாட்டா (தாத்தா) ஒரு பக்கம் வலிவு இல்லாம கெடந்தாரு. தூக்கிக் குளிப்பாட்டியிருக்கேன், பீ அள்ளியிருக்கேன். எனக்கு ஒண்ணும் கெட்டுப் போவல்ல. இப்பம் உள்ள பிள்ளைகளுக்குக் குடிச்ச கிளாஸ எடுத்து வைக்க வலிக்கு. அதுக்கு இடையில இப்பிடி ஒரு பையன் இருந்தா கையெடுத்துக் கும்பிடணும். அவனப் பிடிச்சு கவுன்சிலிங் அது இதுன்னு கெடுத்துராதீங்க.

அரிசி, சாமான் என்னமும் வேணும்னா சொல்லுங்க. நான் தாறேன்.

திங்கச்சந்தை · 9 நவம்பர், இரவு 10.20

அண்ணே, ஒரு சந்தேகம். உங்க பாட்டா கெடந்தப்போ வீட்டில மொத்தம் எத்தன பேரு?

பனைவிளைக்காரன் · 9 நவம்பர், இரவு 10.31

நான், அப்பா, அம்மா, பாட்டி, சித்தப்பா, சித்தி, எனக்க அக்கா, பிறகு தம்பிமாரு ரெண்டு. ஒம்பது பேரு. அதுக்கென்ன?

திங்கச்சந்தை · 9 நவம்பர், இரவு 11.10

அதுதாண்ணே. நீங்க ஒம்பதுல ஒண்ணு. உங்களுக்குப் பரீட்சைன்னா சித்தப்பா தூக்கியிருப்பாரு. உங்களுக்குக் காய்ச்சல்னா அம்மா பாத்திருப்பாங்க. இந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்தா?

நானும் இதுக்குள்ள இருந்து வந்தவதான். அம்மா குவைத்தில வீட்டு வேலைக்குப் போயிருந்தாங்க. அப்பா இல்ல. நானும் அம்மாவுக்க அம்மாவும் மட்டும். நான் ஒம்பதாவது படிக்கும்போ பாட்டிக்குப் பக்கவாதம் வந்துது, சுகர் வேற. மாத்திரை குடுக்க, மலம் எடுக்க, சேலை மாத்தி விட எல்லாம் சீக்கிரமே பழகிப்போச்சு. அது எனக்குப் பெரிய பாரமா இருக்கல்ல. கிளாஸ்ல உக்காந்திருக்கும்போ, இப்பம் கட்டில்ல இருந்து விழுந்திருப்பாங்களோன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும் பாருங்க, அதுதான் ஆளத் தின்னுது. ஒரு நாள் ராத்திரி சுகர் தாழ்ந்து வேர்த்து ஊத்தி, பாட்டிக்கு வாய் குழறுது. வீட்டில பெரியவங்கன்னு சொல்ல யாரும் கிடையாது. முடிவு எடுக்க வேண்டிய ஆளு நான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில நின்னா, "பொன்னு போல பிள்ளை"ன்னு பத்துப் பேரு சொல்லுவாங்க. எங்க சர்ச் ஜெபக் குழுவான அன்பியத்தில இருந்து வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிட்டுச் சாயா குடிச்சிட்டுப் போவாங்க. அந்தச் சாயாவையும் நான்தான் போடணும். இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீ போய் உறங்குன்னு ஒரு ஆளு சொன்னது கிடையாது. பொன்னு போல பிள்ளைன்னு பேரு வாங்கின பிறகு, எனக்கு முடியல்லன்னு எப்பிடி வாயத் திறக்க?

பிறகு நர்சிங் சேத்து விட்டாங்க. உனக்குத்தான் பழக்கமாச்சேன்னாங்க. எனக்குக் கணக்குதான் பிடிக்கும்.

மட்டுறுத்துநர் · 10 நவம்பர், காலை 7.05

எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். உதவி செய்ய விரும்புகிறவர்கள் டீச்சருக்குத் தனிமடல் அனுப்பலாம்.

வார்டு_சிஸ்டர் · 10 நவம்பர், மாலை 4.40

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம்தான் எல்லாம் சொல்லி அனுப்புவோம். பல நேரம் நிற்பது ஒரு பதினைந்து வயசுப் பிள்ளையாகத்தான் இருக்கும். பெரியவர்கள் பில், ஆம்புலன்ஸ் என்று அலைவார்கள். அந்தப் பிள்ளை தலையாட்டும். என்ன புரிந்தது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அதனால் டீச்சர், பையனுக்கு இது தெரியுமா என்று பாருங்கள். மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் உரசக் கூடாது, நிரம்பி வழியும் வரை விடக் கூடாது. பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மூத்திரம் கலங்கி நாற்றம் அடித்தாலோ, ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. புரட்டும்போதெல்லாம் பிட்டத்தின் நடு எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்த பிறகும் சிவப்பு மாறாமல் நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உணர்வு இல்லாத காலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். வெந்து தோல் உரிந்தாலும் அவருக்குத் தெரியாது. தனியாகத் தூக்கினால் பையனின் முதுகு போய்விடும். குறுக்கே ஒரு துணி விரித்து, இரண்டு பேராகத் துணியோடு இழுக்க வேண்டும்.

அப்புறம், 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பிரஷர், சுகர் மாத்திரை கொண்டு கொடுப்பது என்று மட்டும்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் வலி நிவாரணச் சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும், அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் சொல்ல வேண்டும். 104 மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

திங்கச்சந்தை சொன்ன சுகர் தாழ்வுக்கும் ஒன்று: நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சீனித் தண்ணீர். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சக்கரவண்டி · 10 நவம்பர், இரவு 8.50

ஸ்பைனல் கார்டு அடிபட்ட ஆளுங்கிற முறையில எழுதுறேன். எனக்குக் கட்டட வேலையில சாரத்தில இருந்து விழுந்தது. இந்தப் பையனுக்க அப்பா மாதிரியே இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல, கை ரெண்டும் திடமா இருக்கு.

எல்லாரும் பையன எப்பிடி உதவி பண்ணிக் காப்பாத்தலாம்னு பேசுதீங்க. அப்பாவப் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல. கை நல்லா இருக்கிற ஒரு ஆம்பளை, மகன் பள்ளிக்கூடத்தில இருந்து ஓடி வாறது வரைக்கும் காத்துக் கெடக்கணும்னு விதியா? அவருக்கு யாரும் படிச்சுக் குடுக்கல்ல. ஆஸ்பத்திரியில எலும்புக்குக் கம்பி வெச்சு விட்டாங்க, தீந்துது. எலும்பு சேந்த பிறகுதான் உண்மையான பாடம் இருக்கு. அதுக்குப் பேரு மறுவாழ்வுப் பயிற்சி.

நான் என்ன படிச்சேன்னு சொல்லுகேன். கட்டில் கால்ல கயிறு கட்டி, அதப் பிடிச்சுத் தானா புரண்டு படுக்க. பலகை போட்டுக் கட்டில்ல இருந்து சக்கர வண்டிக்கு நழுவி மாற. வண்டியில இருக்கும்போ கால் மணி, அரை மணிக்கு ஒருக்க கைய ஊன்றிப் பிட்டத்தத் தூக்கி விட. நீளக் கைப்பிடி வெச்ச கண்ணாடி ஒண்ணு வெச்சு எனக்க பின்பக்கத் தோல நானே பாக்க. நாலு மணியில இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க சின்ன டியூப் போட்டு நானே மூத்திரம் எடுத்திட்டு டியூப உருவிர. அப்பம் எப்பமும் தொங்குற பையே வேண்டாம். இது எல்லாருக்கும் ஒத்து வராது, டாக்டர் பாத்துச் சொல்லணும். ஆனா கேட்டாவது பாக்கணும். மலத்துக்கும் நேரம் பழக்கலாம். காலையில சூடா சாயா குடிச்சிட்டு, ஆசனவாயில மாத்திரை வெச்சு, ஓட்டை போட்ட நாற்காலியில இருந்தா அரை மணி, முக்கா மணியில காரியம் முடியும்.

இதெல்லாம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில படிச்சது. தென்காசி பக்கம். முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்குத் தங்கிப் படிக்க அங்க ஏற்பாடு உண்டு. 1981-ல அத ஆரம்பிச்ச எஸ். ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழ அசைவு போன ஆளு. 2020-ல அவருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. வேலூர் சி.எம்.சி.யிலயும் மறுவாழ்வுப் பிரிவு 1966-ல இருந்தே இருக்கு. அதத் தொடங்கின டாக்டர் மேரி வர்கீசும் விபத்தில கால் செயல் இழந்து, வண்டியில இருந்துகிட்டே ஆபரேஷன் செஞ்சவங்க. நமக்கு ஆய்க்குடிதான் பக்கம். போறதுக்கு முன்ன போன் பண்ணி, படுக்கை ஒழிவு உண்டா, எத்தன நாள், துணைக்கு ஆள் வேணுமா, செலவு என்னன்னு கேட்டுக்கோங்க.

படுத்துக் கெடந்த அந்தக் காலத்தில எனக்கும் மகன்தான் துடைச்சு விடுவான். நான் முகத்தச் சுவர்ப் பக்கம் வெச்சுக்கிடுவேன். டீச்சர், அந்த அப்பாவும் அப்பிடித்தான் கெடப்பாரு. மகனுக்க பாரத்தக் குறைக்கணும்னு சொன்னா சண்டை வரும். உங்களுக்கே உங்க காரியம் பாக்க முடியும்னு சொல்லிப் பாருங்க.

தூத்தூர்_அலை · 11 நவம்பர், காலை 11.30

தென்னையும் ரப்பரும் உள்ள பக்கத்துக் கதை இது. கடற்கரைக் கதையும் கொஞ்சம் கேளுங்க.

எங்க பக்கம் ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிக்கிற தொழில். படகு கரை விட்டா ஒரு மாசம், அதுக்கும் மேல ஆவும். அந்த நாளெல்லாம் வீட்டில ஆம்பளைன்னா பத்து, பதினாலு வயசுப் பயலுவதான். கிழவியக் கூட்டிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போறது, திருவனந்தபுரத்தில ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போறது எல்லாம் அவனுவதான். ஓ.பி. சீட்டு எங்க எடுக்கணும், எந்த ஜன்னல்ல நிக்கணும்னு அவனுவளுக்குத் தெரியற மாதிரி எனக்குத் தெரியாது. பொம்பளப் பிள்ளையளுக்கு வீட்டுக்குள்ள வேலை. அத யாரும் எண்ணுறதே இல்ல.

2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் அடிச்ச பிறகு வேற ஒண்ணையும் பாத்தோம். அப்பன் திரும்பி வரல்ல. உடலும் கெடைக்கல்ல. அம்மா கிடந்த கிடையில இருந்து எழும்பல்ல. நடக்க முடியாதவங்க இல்ல, கட்டில்ல படுத்த நோயாளி இல்ல. ஆனா சோறு பொங்கல்ல, குளிக்கல்ல, பேசல்ல. அப்பம் மூத்தது என்ன செய்யும்? தம்பி தங்கச்சிக்குத் தலை சீவி விடணும், அம்மாவுக்கு ஊட்டி விடணும், ராத்திரி அம்மா கடக்கரைக்கு எழும்பிப் போயிராம வாசல்ல படுக்கணும். மூத்திரப் பை இருந்தாலாவது நர்ஸ் வருவாங்க. இந்த மாதிரி வீட்டுக்கு எந்த நர்ஸ் வருவாங்க?

இந்த இழையில மனநோய் உள்ள அம்மா அப்பாவப் பாக்கிற பிள்ளைகளையும் சேத்துக்கோங்கன்னு சொல்லத்தான் எழுதினேன். 14416-க்கு அடிச்சா தமிழ்லயே பேசலாம். டெலி மனஸ்ங்கிற மனநல உதவி எண், 2022-ல இருந்து இருக்கு. பிள்ளையளுக்கும் பேசலாம்.

குழித்துறை_வக்கீல் · 11 நவம்பர், இரவு 9.25

சட்டப் பக்கம் கேட்டிருந்தீர்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் மைனர் சேர்த்தி இல்லை. பதினாறு வயசுப் பையனுக்கு அப்பாவைப் பார்க்கும் கடமை சட்டப்படி கிடையாது. அதே நேரம் 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக வீட்டாருக்கு உதவுவதைத் தடுக்கவும் இல்லை. ஆக இந்தப் பையன் ராத்திரி கண் விழிப்பதை ஒரு சட்டம் கேட்கவில்லை, இன்னொரு சட்டம் பார்க்கவில்லை.

குழந்தைகள் உதவி எண் 1098-ல் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று பயம் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015, நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. குழந்தை நலக் குழுவுக்கு முதல் வேலை, குடும்பத்துக்குள்ளேயே வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பது. ஆனாலும் டீச்சர், பையனிடமும் அம்மாவிடமும் பேசாமல் நேராக 1098-க்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஆபத்து இருந்தால் அது வேறு. இங்கே ஆபத்து இல்லை, ஆள் இல்லை.

பணம்: மாற்றுத்திறனாளி பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000, முதுகுத்தண்டுவடப் பாதிப்புக்கு உண்டு. மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் முதலில் எடுக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் ரூ.4,000 ஸ்பான்சர்ஷிப் இருக்கிறது. பெற்றோர் செயலிழந்த குடும்பமும் அதில் வரும். ஆனால் ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000 தாண்டக் கூடாது. அம்மா ஹோம் நர்ஸாக வாங்கும் சம்பளமே அதைத் தாண்டும். அதாவது அம்மா வீட்டில் இருந்து பையனுக்கு ஓய்வு கொடுத்தால் உதவித்தொகை, வெளியே போய்ச் சம்பாதித்தால் பூஜ்யம். எழுதியவர்கள் யோசித்து எழுதினார்களா என்று தெரியவில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தின் ரூ.2,000 இங்கே பொருந்தாது. தாயும் தகப்பனும் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

பனைவிளைக்காரன் · 11 நவம்பர், இரவு 10.10

சட்டம் கடமை இல்லன்னு சொன்னா அப்பன விட்டுட்டுப் போவானா? போவ மாட்டான். போவவும் கூடாது. நான் சொன்னதுல மாத்தம் இல்ல.

ஆனா ஒம்பது பேருன்னு அந்தத் தங்கச்சி போட்ட கணக்கு செரி. எனக்க சித்தப்பா இல்லன்னா நான் எங்க பத்தாம் கிளாஸ் எழுத? அவருக்கச் சொந்தக்காரங்க எல்லாம் எங்க போனாங்க டீச்சர்? தென்னை ஏறுற ஆளுக்கு ஊர்ல விளை (தோப்பு) உள்ளவங்க எல்லாரும் பழக்கம் இருக்குமே. ஒருத்தன் மரத்தில இருந்து அவர விழ வெச்சுட்டு, தேங்காய மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான் இல்லியா? அவன்கிட்ட முதல்ல கேக்கணும்.

மார்த்தாண்டம்_டு_லீட்ஸ் · 12 நவம்பர், காலை 6.15

இங்கிலாந்தில் நர்ஸ். இங்கே 18 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளை வீட்டில் ஒருவரைப் பராமரித்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று உள்ளூர் கவுன்சில் வந்து மதிப்பிட வேண்டும் என்று 2014-ல் சட்டமே போட்டார்கள். 2023-லிருந்து பள்ளிக் கணக்கெடுப்பில் இவர்களுக்குத் தனிக் கட்டமும் உண்டு. அதற்காக இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். வெளியே சொல்லப் பயந்து மறைக்கிற பிள்ளைகள் இங்கேயும் உண்டு. நான் பார்த்தவரை, உதவி செய்யும் பிள்ளை ஒரு விதம், பொறுப்பு மொத்தமும் தலையில் விழுந்த பிள்ளை வேறு விதம். சாப்பாடு எடுத்துக் கொடுப்பது, பேச்சுத் துணைக்கு இருப்பது, மருந்து வாங்கி வருவது இவற்றால் யாரும் உடைவதில்லை. ராத்திரி விழிப்பு, அந்தரங்கச் சுத்தம், டாக்டரைக் கூப்பிடவா வேண்டாமா என்ற முடிவு, இந்த மூன்றும்தான் முதலில் பெரியவர் கைக்கு மாற வேண்டும்.

ப்ளஸ்டூ_பாவம் · 12 நவம்பர், இரவு 11.48

நான் ப்ளஸ் டூ. அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அக்கா கல்யாணம் ஆகிப் போயாச்சு. அப்பா பத்தி வேண்டாம்.

டீச்சர், அவன்ட்ட "உனக்குக் கஷ்டமா இருக்கா"ன்னு கேக்காதீங்க. இல்லன்னுதான் சொல்லுவான். நானும் அப்படித்தான் சொல்லுவேன். "எந்த வேலைய நான் எடுத்துக்கட்டும்"னு கேளுங்க. அசெம்பிளில கூப்பிட்டு எல்லாரையும் கை தட்ட விட்றாதீங்க. ப்ளீஸ். அதுக்கு அப்புறம் ஒரு பயலும் கூட விளையாடக் கூப்பிட மாட்டான், பாவம் அவனுக்கு வேலை இருக்கும்னு போயிருவானுங்க.

லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்காம உள்ள விட்டாலே போதும். நோட்ஸ போட்டோ எடுத்து அனுப்ப ஒருத்தன ஏற்பாடு பண்ணுங்க. அவன்கிட்ட போன் இல்லன்னா ஜெராக்ஸ்.

இன்னொண்ணு. எனக்கு அம்மாவப் பாத்துக்கப் பிடிக்கும். டயாலிசிஸ் முடிஞ்சு பஸ்ல வரும்போ அம்மா எங்கிட்ட மட்டும் சில கதையெல்லாம் சொல்லுவாங்க. அதயும் சேத்து யாரும் எடுத்துற வேண்டாம். கெமிஸ்ட்ரி மட்டும் யாராவது எடுத்துக்கிட்டா கொள்ளாம்.

திங்கச்சந்தை · 13 நவம்பர், காலை 6.30

மக்களே, கெமிஸ்ட்ரி என்னால முடியாது. கணக்குன்னா தனிமடல் போடு, எப்பம் வேணும்னாலும். சொல்லித் தாறேன்.

மேற்கு_டீச்சர் · 23 நவம்பர், மாலை 5.20

எல்லோருக்கும் நன்றி. நடந்தவரை எழுதுகிறேன்.

ப்ளஸ்டூ_பாவம் சொன்னபடியே கேட்டேன், எந்த வேலையை எடுத்துக்கட்டும் என்று. ராத்திரி என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன். மதியம் என்றான். மதியம் ஓடிப்போய்த் திரும்புவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். தினமும் சாப்பிடாமல்தான் ஐந்தாம் பீரியடில் உட்கார்ந்திருக்கிறான். கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, பையனுக்கு மாமி, இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நடைபாதை வழித் தகராறில் வருவதும் போவதும் இல்லை. அம்மா போனில் பேசினார், நானும் போய்ப் பேசினேன். அண்ணன் வாசலில் ஏற மாட்டேன் என்று முதலில் நின்றார். இப்போது மதியம் வந்து புரட்டிவிட்டு, பையைக் காலி செய்துவிட்டுப் போகிறார். அண்ணனும் தங்கையும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். வேலை நடக்கிறது.

கிராம சுகாதார செவிலியர் பெயர் பதிந்து, பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை வந்தார். சக்கரவண்டி அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் முகத்தை வைத்த இடம் வந்தபோது, நிறுத்தச் சொல்லிவிட்டு, "அந்த ஆளுக்க நம்பர் கெடைக்குமா"ன்னு கேட்டார். கட்டிலில் கயிறு கட்டியாயிற்று. இடது பக்கம் தானாகப் புரள்கிறார். வலது பக்கம் இன்னும் வரவில்லை.

ஆய்க்குடிக்கு மனம் இருக்கிறது. ஆனால் அம்மா லீவு எடுத்தால் ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிடும், வேலை போகும். பையன் துணைக்குப் போனால் படிப்பு போகும், தங்கை தனியாக நிற்பாள். ராத்திரி அலாரம் அப்படியேதான் இருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் முதல் பீரியடுக்கு அனுமதி கேட்டேன், ஒருத்தனுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். கேட்கட்டும், எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்றாவது தெரியும் என்றேன். பதில் இல்லை.

சக்கரவண்டி · 23 நவம்பர், மாலை 6.05

நம்பர் தனிமடல்ல போட்டிருக்கேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க. வலது பக்கம் வரல்லன்னா இடது கைக்குத்தான் கயிறு எட்டல்லன்னு அர்த்தம். கட்டில எடுத்து மறுபக்கச் சுவரோரம் போட்டுப் பாருங்க. ஆய்க்குடிக்குத் துணை ஆள் முழுக்க வேணுமா, கொஞ்ச நாள் போருமான்னு நான் கேட்டுச் சொல்லுகேன்.

பனைவிளைக்காரன் · 23 நவம்பர், இரவு 9.00

அந்த மாமிகிட்ட ராத்திரியும் கேளுங்க டீச்சர். பகல்ல வந்தவ ராத்திரியும் வருவா. வழி கேஸ நான் பேசித் தீத்துத் தாறேன், ஊர எனக்குத் தனியா சொன்னா போரும்.

அருமனை_அக்கா · 24 நவம்பர், காலை 8.10

வக்கீல் சார், எனக்க தங்கச்சி மாப்பிளைக்கும் பக்கவாதம், பிள்ளை எட்டாவது. தங்கச்சி வீட்டிலதான் இருக்கா, வருமானம் ஒண்ணும் இல்ல. அந்த 4,000 கெடைக்குமா? எங்க போவணும்?

குழித்துறை_வக்கீல் · 24 நவம்பர், இரவு 8.45

வாய்ப்பு இருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளையின் ஆதார், பள்ளிப் படிப்புச் சான்று, மாப்பிள்ளையின் மருத்துவச் சான்று எல்லாம் நகலோடு கொண்டு போகச் சொல்லுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இல்லை என்றால் இந்த வாரமே திறந்துவிடுங்கள், அதில்தான் பெரும்பாலும் இழுக்கும். மருத்துவச் சான்றில் நோயின் பெயரோடு நிற்காமல், வேலை செய்ய முடியாத நிலை என்றும் டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும்.